ஸ்னோபுளோவருக்கு விளக்கு கட்டிய கதை

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இரவெல்லாம் பெய்த பனி முழங்கால் அளவுக்கு ஏறிக் கிடந்தது. பனியை அள்ளித் தூர எறியும் ஸ்னோபுளோவரை ஓட்டிக்கொண்டு வாசல் பாதையில் பாதி தூரம் வந்திருப்பேன், டங்கென்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முன்னால் சுழன்று பனியை அள்ளும் திருகு அலகில் ஒரு பாதி நின்றுவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பனிக்கு அடியில் உறைந்து கிடந்த ஒரு கால்மிதி, அலகைச் சுற்றிக் கயிறு திரித்தாற்போல இறுகியிருந்தது. ஷியர் பின் ஒடிந்திருந்தது.

பின் ஒடிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அது ஒடிவதற்கென்றே வைத்த மெல்லிய ஆணி. அது ஒடியாவிட்டால் அடி முழுவதும் கியர்பாக்ஸில் இறங்கும். அதனால்தான் அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த உறுதியான போல்ட்டைப் போடவே கூடாது. என்னை உறுத்தியது வேறு. கால்மிதியின் ஒரு மூலை பனிக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அது பட்டெனத் தெரிந்தது. வண்டியின் சொந்த விளக்கில் எனக்கு அது தெரியவில்லை.

அந்த விளக்கு உள்ளங்கை அளவுதான். கைப்பிடிகளுக்கு நடுவே இருக்கும் பலகையில் பதித்தது, 18 வாட் ஹாலஜன். அதன் வெளிச்சத்தில் பாதி, பனியை வீசும் குழாயின் முதுகில் பட்டே வீணாகும். மீதி மஞ்சளாக ஒரு வட்டம் போடும். பனிக்காலத்தில் இந்த இயந்திரத்தை நாம் பெரும்பாலும் எடுப்பதே வேலைக்குக் கிளம்பும் முன் அல்லது வேலை முடிந்து வந்த பின், அதாவது இருட்டில். அப்படியிருந்தும் விளக்கைப் பேருக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். சரி, நாமே கட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே அடிக்கட்டையில் பொருந்தும் எல்இடி பல்பு ஒன்றைப் போட்டேன். எரிந்தது, நல்ல வெள்ளை வெளிச்சம். ஆனால் பனி விழ ஆரம்பித்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. குழாயிலிருந்து பாய்ந்து வரும் பனி தொடர்ந்த கோடாகத் தெரியாமல், ஊசியில் கோத்த மணிகள் மாதிரி விட்டுவிட்டுத் தெரிந்தது. கையை விளக்கின் முன்னால் அசைத்தேன். ஒரு கைக்குப் பதில் ஐந்தாறு கைகள் வரிசையாக நின்றன.

விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது, நம் கண் அதைத் தொடர் வெளிச்சமாக எடுத்துக்கொள்கிறது. லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். துடிக்கும் வெளிச்சத்தில் சுழலும் பொருள், வேகம் சரியாகப் பொருந்திவிட்டால், அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். முன்னால் ஒரு திருகு அலகும் அதற்குப் பின்னால் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும் விசிறியும் உள்ள இயந்திரத்தில் அப்படி ஒரு தோற்ற மயக்கம் வேண்டவே வேண்டாம். அன்றைக்கே அந்த பல்பைக் கழற்றி வைத்தேன்.

காரணம் எஞ்சினுக்குள் இருக்கிறது. இந்த மாதிரி எஞ்சின்கள் பலவற்றில் பேட்டரி கிடையாது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் காந்தங்கள் பதித்திருக்கும். அதையொட்டி எஞ்சின் உடம்பில் ஒரு காயில், அதாவது கம்பிச் சுருள், இருக்கும். ஃபிளைவீல் சுற்றச் சுற்றக் காயிலில் கரண்ட் பிறக்கும். பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொண்டால் போதும், வேகமாக மிதித்தால் பிரகாசம், மெதுவாக மிதித்தால் மங்கல், நின்றால் இருட்டு. அது தருவது ஏசி கரண்ட், அதாவது திசை மாறி மாறி ஓடுவது. ஹாலஜன் மாதிரி இழை உள்ள பல்புக்கு ஏசியோ, ஒரே திசையில் ஓடும் டிசியோ ஒன்றுதான், கரண்ட் திசை மாறும் அந்தக் கண நேரத்தில் இழை ஆறுவதற்குள் மறுபடி சூடாகிவிடும். எல்இடி அப்படியில்லை. கரண்ட் ஒரு திசையில் போனால்தான் எரியும், திசை திரும்பினால் அந்தக் கணமே அணையும்.

காயில் எவ்வளவு கொடுக்கிறது என்று மல்டிமீட்டரை ஏசியில் வைத்து அளந்தேன். எதுவும் இணைக்காத நிலையில், எஞ்சின் மெதுவாக ஓடும்போது 10 வோல்ட், முழு வேகத்தில் 19 வோல்ட். 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், விளக்கு இழுக்கும் கரண்ட்டைப் பொறுத்து இது ஏறும், இறங்கும். ஹாலஜன் நிறைய கரண்ட்டை இழுத்து வோல்ட்டைக் கீழே பிடித்து வைத்திருக்கும். எல்இடி குறைவாக இழுப்பதால் வோல்ட் எகிறும். மலிவான எல்இடி பல்புகள் ஸ்னோபுளோவரில் சீக்கிரம் கருகிப்போவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து வெளியே வரும் ஒயர்களில் ஒன்று எஞ்சினை நிறுத்துவதற்கானது. அது விளக்குக் காயிலிலிருந்து அல்ல, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலிலிருந்து வருகிறது. விளக்கு ஒயர் என்று நினைத்து அதில் எதையாவது இணைத்தால் எஞ்சின் நின்றுவிடும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு எஞ்சினிலும் ஒவ்வொரு மாதிரி. ஹாலஜன் விளக்குக்கு ஏற்கெனவே வரும் ஒயரைப் பிடித்துக்கொள்வதுதான் நிம்மதி.

ஏசியை டிசியாக்க ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர் போதும். கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் நாலு உள்ள சின்னச் சதுரக் கட்டி. இரண்டு காலில் ஏசி உள்ளே, இரண்டு காலில் டிசி வெளியே. வாங்கி வந்தேன், இணைத்தேன், விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் ஓட்டியிருப்பேன். கருகிய வாசனை வந்தது. ரெக்டிஃபயரைத் தொட்டால் கை சுட்டது. மறுநாள் அளந்து பார்த்தபோது ஒரு டயோடு செத்திருந்தது.

ஒரு வாரம் இதை யோசித்தேன். விடை வண்டியின் உடம்பிலேயே இருந்தது. என் காயிலுக்கு வெளியே வருவது ஒரே ஒரு ஒயர். மறுமுனை எஞ்சின் உடம்போடு சேர்ந்திருக்கிறது, அதாவது வண்டியின் இரும்பு முழுவதும் காயிலின் ஒரு முனை. நானோ கார் விளக்கு மாட்டும் பழக்கத்தில், எல்இடியின் நெகட்டிவ் ஒயரையும் வண்டியின் இரும்பிலேயே ஒரு திருகின் அடியில் முடுக்கியிருந்தேன். அப்படிச் செய்தால் நாலு டயோடுகளில் ஒன்று இருந்தும் இல்லாதது போல ஆகிவிடும். கரண்ட் திரும்பும் ஒவ்வொரு அரைச் சுற்றிலும், விளக்குக்குப் போகாமல் இன்னொரு டயோடு வழியாகவே காயில் ஷார்ட் ஆகும். அந்த டயோடுதான் கருகியது. காயில் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

ஆக, காயிலின் ஒரு முனை இரும்பில் இருந்தால், ரெக்டிஃபயரிலிருந்து வெளியே வரும் டிசி ஒயர் இரண்டும் இரும்பைத் தொடாமல் தனித்தனியே விளக்கு வரை போக வேண்டும். விளக்கின் உலோகக் கூட்டோடு அதன் நெகட்டிவ் உள்ளுக்குள் சேர்ந்திருக்கிறதா என்பதையும் மீட்டரில் பார்த்துவிட வேண்டும். சேர்ந்திருந்தால் அந்த விளக்கு இந்த வேலைக்கு ஆகாது. இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எனக்கு இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவது முறை 25 ஆம்பியர் தாங்கும் உலோக உடம்பு ரெக்டிஃபயர் போட்டேன். 18 வாட் காயிலுக்கு இது ரொம்ப அதிகம்தான், ஆனால் சூடே ஆவதில்லை. டிசி பக்கத்தில், கரண்ட்டைக் கொஞ்சம் தேக்கி வைத்துத் தரும் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. மீதமிருக்கும் மெல்லிய துடிப்பையும் அது நிரப்பிவிடும். கெப்பாசிட்டர் வாங்கும்போது வோல்ட்டைக் கவனிக்க வேண்டும். மீட்டர் 19 என்று காட்டும் ஏசியின் உச்சம் கிட்டத்தட்ட 27. அதனால் 25 வோல்ட் கெப்பாசிட்டர் நிற்காது, 35 இழுபறி, நான் 50 வோல்ட் போட்டேன். இன்னொன்று, இந்த வகைக் கெப்பாசிட்டருக்குள் இருப்பது ஒரு திரவம். கடுங்குளிரில் அது மந்தமாகிவிடும். உடம்பில் மைனஸ் 40 டிகிரி என்று அச்சிட்டதைத் தேடி எடுத்தேன்.

விளக்காக எடுத்தது 10 முதல் 30 வோல்ட் வரை டிசியில் ஓடும் இரண்டு சின்னச் சதுர எல்இடி. பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்ப வேண்டாம். மீட்டரில் அளந்து பார்த்தபோது என்னுடையவை ஒவ்வொன்றும் 8 வாட் அளவுக்குத்தான் இழுத்தன, பெட்டியில் எழுதியிருந்தது அதைவிட ஏகத்துக்கும் அதிகம். எனக்கு அது நல்லதாகவே போயிற்று. 18 வாட் காயிலில் இரண்டும் சேர்ந்து 16 வாட். வெளிச்சத்தை லூமனில் அளப்பார்கள், ஹாலஜன் ஒரு வாட்டுக்கு 15, 20 லூமன் தருகிற இடத்தில் நல்ல எல்இடி 100 லூமன் அளவுக்குத் தரும். காயில் கொடுப்பதைவிட அதிகம் கேட்கும் விளக்கை மாட்டினால், எஞ்சின் வேகம் குறையும்போதெல்லாம் விளக்கு அணைந்து அணைந்து எரியும். அதற்கு இருந்த பழைய பல்பே தேவலை.

மின்சார வேலை முடிந்தது, இனி எங்கே மாட்டுவது என்ற கேள்வி. சுலபம் என்று நினைத்தேன். கைப்பிடிக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி கட்டி, என் நெஞ்சு உயரத்தில் இரண்டையும் மாட்டினேன். பனி விழாத இரவில் தெரு வரை பகலாக இருந்தது. அடுத்த பனியில் ஓட்டியபோது எதிரே ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. விழும் பனியும், என் இயந்திரமே காற்றில் கிளப்பிவிட்ட பனித்தூளும் சேர்ந்து வெளிச்சத்தை அப்படியே என் கண்ணுக்குத் திருப்பி அனுப்பின. மூடுபனியில் காரின் ஹைபீம் போட்டவர்களுக்கு இது பழகிய காட்சி. கனடாவின் கியூபெக்கில் ஆர்தர் சிகார் 1925இல் உருவாக்கிய இயந்திரத்திலிருந்து இன்றுவரை இந்த வேலையின் அடிப்படை மாறவில்லை, முன்னால் அள்ளி, குழாய் வழியே தூர எறிவது. எறியும் இயந்திரம் தன்னைச் சுற்றி ஒரு மேகத்தையும் கிளப்பும். அந்த மேகத்துக்குள் நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விளக்கு கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் திரும்பும் வெளிச்சம் அதிகம். அதனால் கீழே இறக்கினேன். அலகை மூடியிருக்கும் இரும்புக் கூட்டின் இரு பக்கமும், உயரமான பனியை வெட்டிச் சரிப்பதற்கான நீளப் பட்டைகளை மாட்டும் போல்ட் ஓட்டைகள் இருந்தன. புதிதாக ஓட்டை போடாமல் அவற்றிலேயே சின்ன எல் பட்டை ஒன்றை முடுக்கி, விளக்குகளைத் தொடை உயரத்தில் வெளிப்பக்கமாக வைத்தேன். (கூட்டில் ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், போல்ட்டின் முனை உள்ளே நீட்டி அலகில் உரசாதபடி பாருங்கள். அலகின் பக்கத்தில் கை வைக்கும் முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.)

அன்றைக்கு இரவு ஓட்டியபோதுதான், எனக்கு உண்மையில் எது குறைந்திருந்தது என்று புரிந்தது. பனி முழுக்க வெள்ளை. வெள்ளையின் மேல் வெள்ளை கிடந்தால் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. நாம் பார்ப்பதெல்லாம் நிழலைத்தான். கண் உயரத்திலிருந்து அடிக்கும் வெளிச்சம் நிழலை மேட்டுக்குப் பின்னால் ஒளித்துவிடும், மேடும் பள்ளமும் ஒரே தட்டையாகிவிடும். தாழ்வாக, பக்கவாட்டிலிருந்து தடவிக்கொண்டு போகும் வெளிச்சத்தில் ஒரு விரல் உயர மேட்டுக்கும் ஒரு முழ நீளத்துக்கு நிழல் விழும். காலடித் தடங்கள் கிணறுகள் மாதிரி தெரிந்தன. தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி தள்ளிவிட்டுப் போன பனிக்கட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கறுப்பு வால் நீட்டிக்கொண்டு நின்றன. பாதை எங்கே முடிகிறது, புல்வெளி எங்கே தொடங்குகிறது என்பது கூட ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. வெளிச்சம் முன்பு மேலே மாட்டியிருந்தபோது இருந்த அதே அளவுதான், ஒரு லூமன் கூட கூடவில்லை.

நிறத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துக்கொண்டு போகுமாமே என்று. பனித்துகள் ஒளியின் அலைநீளத்தைவிட எத்தனையோ மடங்கு பெரியது. அதன்மேல் பட்டால் எல்லா நிறமும் ஒரே மாதிரிதான் சிதறும். ஆனாலும் மஞ்சள் சாய்ந்த விளக்கே எனக்குப் பிடித்திருக்கிறது. வெள்ளை எல்இடி என்பது உள்ளே ஒரு நீல எல்இடி, அதன்மேல் மஞ்சள் பூச்சு. (அந்த நீலத்தை உருவாக்கியதற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள்.) விளக்கின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் குறிப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 6000 கெல்வினுக்கு மேற்பட்ட விளக்குகளில் நீலம் தூக்கலாக இருக்கும். பனியிலிருந்து திரும்பி வரும் அந்த நீலம் கண்ணைக் கூச வைக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு உள்ளே வந்தால் கண் எரியும். 3000 கெல்வின் விளக்கில் அந்தத் தொல்லை எனக்கு இல்லை.

கீழே இறக்கியதற்கு ஒரு விலையும் உண்டு. ஹாலஜன் சூட்டில் தன் கண்ணாடியில் விழும் பனியைத் தானே உருக்கிவிடும். எல்இடியின் சூடு பின்பக்கம் போய்விடும், முன்கண்ணாடி சில்லென்றே இருக்கும். ஈரப் பனி வந்து ஒட்டினால் ஒட்டியதுதான், கொஞ்ச நேரத்தில் உறைந்து மூடிவிடும். விளக்கைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, மேலே இரண்டு விரல் நீளத்துக்குத் தகரக் கூரை வைத்தேன். கண்ணாடியில் காருக்குப் பூசும் மெழுகு. முழுத் தீர்வு இல்லை, ஆனாலும் பாதை முடியும்வரை கையால் ஒருமுறை துடைத்தால் போதுமாகிறது. காய்ந்த பனியில் அதுவும் தேவைப்படுவதில்லை.

அப்புறம் அதிர்வு. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் ஓடும் வண்டியில் எது தளர முடியுமோ அது தளரும். நட்டெல்லாம் நைலான் வளையம் உள்ளவை. விளக்குக்கும் பட்டைக்கும் நடுவே ரப்பர் வாஷர். ஒயர் பல இழை உள்ளதாக இருக்க வேண்டும், ஒற்றைக் கம்பி ஒயர் அதிர்ந்து அதிர்ந்து உள்ளுக்குள் ஒடிந்துவிடும், வெளியே தெரியாது. சாதாரண பிளாஸ்டிக் உறை குளிரில் விறைத்து வெடிக்கும். சிலிக்கோன் உறை போட்ட ஒயர் கடுங்குளிரிலும் கயிறு மாதிரி வளையும், அதற்குக் கூடுதலாகக் கொடுத்தது வீண் போகவில்லை. இணைப்புகளை கிரிம்ப் செய்து, அதாவது உலோகக் குழாயில் நசுக்கிப் பூட்டி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடுகாட்டி இறுக்கினேன். ஒயர் சைலன்சர் பக்கமே போகக் கூடாது.

காயிலே இல்லாத எஞ்சின் என்றால் பேட்டரிதான். கைக்கருவிகளின் 18 வோல்ட் பேட்டரியை மாட்ட அடாப்டர் கிடைக்கிறது, இரண்டு சின்ன விளக்குக்கு அது தாராளம். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம். காயில் தன் கரண்ட்டுக்குத் தானே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளும், பேட்டரிக்கு அது தெரியாது, ஷார்ட் ஆனால் ஒயர் பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அது அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும்.

பின்பக்கம், தெருவைப் பார்த்து, சிவப்பு விளக்கு ஒன்று மாட்டியிருக்கிறேன். பாதையின் கடைசியில் தெருவோரம் நிற்கும்போது வண்டிக்காரர்களுக்கு நம்மைத் தெரிய வேண்டும். சைக்கிளுக்குப் போடும், தனி பேட்டரியில் ஓடும் விளக்குதான். அடர்ந்த பனியில் எஞ்சின் சத்தத்தில் பின்னால் வரும் கார் நமக்குக் கேட்காது, அதனால் இந்த ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

பனிக்காலம் முடிந்து வண்டியை மூடி வைக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். நட்டுகள் இறுக்கமாக இருந்தன. ரெக்டிஃபயர் பெட்டிக்குள் துளி ஈரம் இல்லை. வலது பக்க ஒயர், கைப்பிடித் தண்டுக்குள் நுழையும் ஓட்டையின் விளிம்பில் மட்டும் உரசி உரசி, உறை பாதி தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் செம்பு இரும்பைத் தொட்டு, அந்த டயோடு கதை மறுபடி நடந்திருக்கும். ஒயரை வெளியே இழுத்து, தேய்ந்த இடத்தை வெட்டிப் புதிதாக இணைத்து, ஓட்டைக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டேன். இடது பக்கம் தேய்மானம் எதுவும் இல்லை, இருந்தாலும் அதற்கும் ஒன்று போட்டுவிட்டேன்.